திருப்பூருக்கு ஊர் சுற்றிப் பார்க்கப் போன இருவர்

செவ்வாய், பகல் ஒரு மணி

கோயம்புத்தூர் போகும் பகல் ரயில் எங்களைத் திருப்பூரில் இறக்கிவிட்டுப் போனது. சென்னையில் காலை ஆறேகாலுக்கு ஏறியிருந்தோம். ஏறத்தாழ நானூற்றைம்பது கிலோமீட்டர் தூரம். இரண்டாம் வகுப்பு இருக்கைக்குத் தலைக்கு நூற்றுச் சொச்சம் ரூபாய். நம் மலேசியப் பணத்தில் பத்து வெள்ளிகூட ஆகவில்லை.

நாங்கள் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கோலாலம்பூர் பக்கத்தில் உள்ள கிள்ளானில் குழந்தைகள் துணிக்கடை வைத்திருப்பவன். கியோங் அதே ஊரில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் சீனன். பதினோரு வருடமாக ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், குடும்பமாக வாழ்கிறோம். எங்களைப் போன்ற ஆண்கள் ஜோடியாக வெளிநாடு போவதற்குத் தயங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. இரண்டு ஆண்களின் உறவைக் குற்றமென்று வெள்ளைக்காரன் எழுதிவைத்துவிட்டுப் போன அதே சட்டம் இந்தியாவிலும் இருக்கிறது, மலேசியாவிலும் இருக்கிறது. ஆகவே எங்களுக்கு இது ஒன்றும் புலிக்குகை இல்லை. எங்கள் ஊர்ப் புலியின் சித்தப்பா பிள்ளை இருக்கும் ஊர், அவ்வளவுதான்.

இத்தனை வருடம் கோலாலம்பூர் மொத்த வியாபாரியிடம்தான் சரக்கு எடுத்தேன். இந்த முறை, 2006 ஆகஸ்டில், நேரே திருப்பூரிலேயே ஆர்டர் கொடுப்பதென்று கிளம்பினேன். இயந்திரம் என்றால் சோறு தண்ணீர் மறந்துவிடும் கியோங், பனியன் துணி பின்னும் மெஷினைப் பார்க்க வேண்டுமென்று கூடவே வந்துவிட்டான். புறப்படும் முன் நண்பர்கள் இணையத்திலிருந்து அறிவுரைகளை அச்செடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு கட்டில் உள்ள அறையாக எடு. பொது இடத்தில் தொடாதே. உறவு என்னவென்று கேட்டால் நண்பர் என்று மட்டும் சொல். வலிய வந்து ஒட்டுகிறவரை நம்பாதே. சந்தேகம் வந்தால் அன்றே ஊரைவிட்டுக் கிளம்பு. விமானத்தில் எல்லாவற்றையும் படித்து மனப்பாடம் செய்துகொண்டோம்.

முதல் அறிவுரை விடுதி வரவேற்பிலேயே குப்புற விழுந்தது. இரண்டு கட்டில் அறை வேண்டும் என்றேன். வரவேற்பாளர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“ரெண்டு கட்டில் அறுநூத்தம்பதுங்க. ஒரே பெரிய கட்டில்னா ஐநூத்தம்பதுங்க. ரெண்டு பேரும் ஆம்பளைங்கதானுங்க, எதுக்குங்க வீண் செலவு?”

பக்கத்தில் நின்ற இளம் கணவன் மனைவியிடம் அதே மனிதர் கல்யாணப் போட்டோ இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். எங்களிடம் பாஸ்போர்ட்டைத் தவிர எதையும் கேட்கவில்லை. கியோங்கின் முகத்தைத்தான் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சாருக்கு எந்த ஊருங்க?”

“மலேசியா.”

“அது செரிங்க. சொந்த ஊரு?”

கிள்ளான் என்றேன். அவர் திருப்தியடைந்த மாதிரி தெரியவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாலையில் குமரன் ரோட்டில் நடந்தோம். ஷிப்ட் முடிந்து ஆண்கள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் தோளில் ஒருவர் கை, சிலர் விரல் கோத்தபடி. தெற்கத்தித் தமிழும் இந்தியும் காதில் விழுந்தன. நம் நாட்டில் இப்படி நடந்தால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பழைய பேருந்து நிலையம் அருகே கியோங் மெதுவாக என் சுண்டுவிரலைப் பிடித்தான். கடலை விற்பவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பதினோரு வருடத்தில் தெருவில் என் விரலை அவன் பிடித்தது அதுதான் முதல் தடவை. பசியே இல்லாமல் பத்து ரூபாய்க்குக் கடலை வாங்கினேன்.

ஆனால் ஒன்று. அதே பேருந்து நிலையத்தில் ஒருவர் வந்து அளவுக்கு மீறி இனிமையாகச் சிரித்து, எந்த ஊர், எங்கே தங்கியிருக்கிறீர்கள், அறைக்கு வரட்டுமா என்று அடுக்கடுக்காகக் கேட்டார். நாங்கள் ஆட்டோ பிடித்துக் கிளம்பிவிட்டோம். இப்படி ஒட்டிக்கொண்டு வந்து பிறகு போலீஸ் என்று மிரட்டிப் பறிப்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அச்செடுத்துத் தந்த அறிவுரைகளில் அந்த ஒன்று மட்டும் நூற்றுக்கு நூறு சரி.

புதன், காலை

நான் ஆர்டர் பேசவிருந்த தொழிற்சாலை வேலம்பாளையத்தில்; எங்கள் விடுதியிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் இருக்கும். தொழிற்சாலை முதலாளி பழனிச்சாமி கார் அனுப்பியிருந்தார். ஓட்டிவந்தவர் சேவியர், சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். வழியெல்லாம் வீடும் பனியன் கம்பெனியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. மாடியில் தையல் மெஷின், கீழே அரிசி காய்கிறது.

பழனிச்சாமிக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பேச்சில் சர்க்கரை.

“வாங்க வாங்க. ஊட்ல அம்மணி சௌக்கியமுங்களா? நம்மகிட்ட ஆர்டர் குடுக்கறவங்க ஊட்டுக்கு ஒரு பட்டுச்சீலை குடுக்கறது எங்கூட்டுக்காரி பழக்கமுங்க. கலர் மட்டும் சொல்லிப்போடுங்க.”

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்றேன். “அப்ப அது அவளுக்கே மிச்சமுங்க” என்று சிரித்தார். காப்பி வந்தது. பேச்சு நூல் ரகம், துணியின் கனம் என்று நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அதுவரை சும்மா இருந்த கியோங், காப்பி கொண்டுவந்த பெண்ணிடம் திரும்பிச் சொன்னான்:

“அக்கா, கொஞ்சம் தண்ணி குடு. காப்பி ரொம்ப இனிப்பு லா.”

அறையில் எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது. ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு ‘லா’ போட்டுப் பேசி வளர்ந்தவன் கியோங். கிள்ளானில் தமிழ் பேசும் சீனனை யாரும் அதிசயமாகப் பார்க்க மாட்டார்கள். இங்கே பழனிச்சாமி தமது டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஏனுங்க, சாரு உங்களுக்கு என்ன வேணுமுங்க?”

“நண்பர்.” மனப்பாடம் செய்த பதில்.

“தொழில்ல கூட்டாளிங்களா?”

“இல்லை. அவருக்கு மோட்டார் சைக்கிள் ரிப்பேர்.”

“அப்பறம் எதுக்குங்க கூட்டிட்டு வந்தீங்க?”

“சும்மா, ஊர் சுற்றிப் பார்க்க.”

இதைவிட மோசமான பதிலை யாரும் சொல்லியிருக்க முடியாது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. உலகம் உண்டான நாளிலிருந்து திருப்பூரை யாரும் ஊர் சுற்றிப் பார்க்க வந்ததில்லை.

மெஷின் ஓடும் கூடத்துக்கு எழுந்தோம். வட்டமாகச் சுழன்று பின்னுகிற அந்தப் பெரிய மெஷினைக் கண்டதும் கியோங் வாசலிலேயே குனிந்து ஊசிகளை எண்ணுகிறவன்போலப் பார்த்தான். அடுத்த நொடி பையிலிருந்து கேமரா வந்துவிட்டது. பழனிச்சாமி அவன் முழங்கையை மிருதுவாகப் பிடித்தார்.

“உள்ள ஒரே பஞ்சுத் தூசிங்க. சாரு கார்லயே ஏசி போட்டுட்டு உக்காரட்டுமுங்க.”

கியோங் என்னைப் பார்த்தான். நான் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் போய்க் காரில் உட்கார்ந்தான். எனக்கு உள்ளே எல்லாவற்றையும் காட்டினார்கள். தூசி ஒன்றும் அப்படி இல்லை. திரும்பும்போது, கூட வந்த மேனேஜர் தம் முதலாளியின் காதருகே கிசுகிசுத்தது எனக்கும் கேட்டது: “போலீஸ் ஸ்டேசன்ல ஒரு வார்த்தை சொல்லி வெச்சிரலாங்களா?”

எங்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். ஒரே கட்டில் அறை விஷயம் விடுதியிலிருந்து வந்துவிட்டதா, நேற்று விரல் பிடித்ததை யாராவது பார்த்துவிட்டார்களா? நாளைக்குப் பேசலாம் என்று சொல்லி அவசரமாகக் காரில் ஏறினேன். சென்னைக்குப் போகும் அடுத்த ரயில் எப்போது என்று சேவியரிடம் கேட்டேன். அவர் காரை ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டிவிட்டுத் திரும்பினார்.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதிய. சாரு சைனாவுல எந்தக் கம்பெனி?”

எனக்குப் புரியவில்லை. சேவியர் விளக்கினார். போன வருடம் ஒருவர் வாங்குகிறவராக வந்து, எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு போனார். பிறகு அதே துணி, அதே டிசைன், சைனாவிலிருந்து அவருடைய வாடிக்கையாளர்களுக்கே பாதி விலையில் போனது. பழனிச்சாமிக்குப் பெரிய அடி.

“மொதலாளிக்கு அந்தப் பேரக் கேட்டாலே பிரசர் ஏறிரும். இப்ப தமிழும் பேசிக்கிட்டு ஒருத்தர் வந்தா விடுவாவளா?”

நானும் கியோங்கும் ஒருவரையொருவர் பார்த்தோம். சிரிக்க ஆரம்பித்தவர்கள் கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை. சேவியர் எங்களை இன்னும் கூடுதலாகச் சந்தேகப்பட்டிருப்பார்.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. ஒளித்துவைக்க வேண்டியதை யாரும் தேடவே இல்லை. ஆனால் கியோங் உளவாளி இல்லை என்று நிரூபிக்க, ஒளித்துவைத்ததைத்தான் எடுத்துக் காட்ட வேண்டும். விடுதிக்கு வந்ததும் ஒரு யோசனை சொன்னேன்: “உன்னை என் கடைக் கணக்கர் என்று சொல்லிவிடுகிறேன். முடிந்தது.”

கியோங் சட்டையை மடித்துக்கொண்டிருந்தான். “இங்க நண்பன். உங்க அக்காகிட்ட சொன்னது, உன் வீட்டுல வாடகைக்கு இருக்கிறவன். பேங்க்ல வியாபாரப் பங்காளி. புதுப் பொய் வேணாம் லா, பழசே நிறைய இருக்கு. நான் கார்லயே உக்காருறேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். அவன் சாதாரணமாகச் சொன்னான்.

அக்காவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். எல்லாம் தெரியும், எதையும் பேச மாட்டார். ஒவ்வொரு தீபாவளிக்கும் எனக்கு ஒரு சட்டை எடுத்து வைத்திருப்பார். எனக்கு மட்டும். நான் போய் வாங்கிக்கொண்டு, அங்கேயே சாப்பிட்டுவிட்டு வருவேன். கியோங் அன்றைக்குப் பட்டறையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

வியாழன்

காலையில் கியோங்கைக் காரில் விட்டுவிட்டு நான் மட்டும் பழனிச்சாமியின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். போகும் முன் யோசிக்க வேண்டியதை எல்லாம் யோசித்திருந்தேன். பாஸ்போர்ட் இரண்டும் என் சட்டைப் பையில். நாளைக்கு ரயில் டிக்கெட் உறுதி. எதிரில் இருப்பவருக்கு என் ஆர்டர் தேவை. இவ்வளவு இருந்தும் முதல் வாக்கியத்தை மனதுக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

“அவர் சைனாக்காரர் இல்லை. அவர் தாத்தா கப்பலேறி வந்ததோடு சரி; இவர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. சீன எழுத்து வாசிக்கவும் தெரியாது. நேற்று நண்பர் என்றேன். அது முழுசாக உண்மை இல்லை. பதினோரு வருடமாக நானும் அவரும் ஒரே வீட்டில் குடும்பமாக வாழ்கிறோம். எனக்குக் கல்யாணம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். அதனால்தான் கூட வந்தார்.”

மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பழனிச்சாமி மேசைமேல் இருந்த துணித் துண்டு ஒன்றை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

“அப்ப சைனாவுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லீங்களா?”

“இல்லைங்க.”

“கேமரா?”

“மெஷின் என்றால் அவருக்குப் பைத்தியம். கிள்ளானில் தீயணைப்பு வண்டியைக்கூடப் படம் எடுக்காமல் விட மாட்டார்.”

அவர் நாற்காலியில் சாய்ந்து மூச்சை விட்டார். “ஏனுங்க, இதை நேத்தே சொல்லியிருந்தா ஆகாதுங்களா? நான் ஒரு வாய் சோறு திங்கலீங்க.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் சாத்தியிருந்த கதவை ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தணித்தார்.

“மத்ததெல்லாம் எனக்குப் புரியலீங்க. புரிஞ்ச மாதிரி நடிக்கவும் வரலீங்க. வெளிய சொல்லாதீங்க, ஆளுங்க ஒரு மாதிரி பேசுவாங்க. ஆனா ஒண்ணுங்க. ஊட்டாளக் கூட்டிட்டு வந்திருக்கீங்க, அவரைப் போயி வெளிய உக்கார வெச்சுட்டமேன்னு இருக்குதுங்க.”

எழுந்து அவரே வெளியே போனார். காரின் கதவைத் திறந்து, “சார், வாங்க, மெசினு பாக்கலாமுங்க” என்றார். கியோங் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் அவனைக் கூடத்திலிருந்து வெளியே இழுக்க முடியவில்லை. கடைசியில் மேனேஜரே அவனை மெஷின் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக் கொடுத்தார். நாலாயிரம் சட்டைக்கு ஆர்டர் எழுதினேன்.

இதைப் படித்துவிட்டுப் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். நான் சொன்னது ஒரு மூடிய அறையில், ஒரே ஒரு மனிதரிடம், திரும்பும் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு. வேறொரு முதலாளி வேறு மாதிரி நடந்திருக்கலாம். யாரிடம் சொல்லலாம் என்று அச்செடுத்த தாள் சொல்லாது. ஆளைப் பார்த்து நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். நான் தீர்மானித்தேன். வருத்தமில்லை.

வெள்ளி

ரயில் நிலையத்தில் எங்களை இறக்கிவிட்ட சேவியர், முன் இருக்கையிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துக் கியோங்கிடம் நீட்டினார்.

“மொதலாளி வீட்டம்மா குடுத்தாவ. ஆர்டர் குடுக்கிற எல்லார் வீட்டுக்கும் குடுக்கிறதுதானாம். சேலை ஒத்துவராதுன்னு மாத்தி எடுத்தாவளாம்.”

உள்ளே கரை வைத்த வேட்டி, சந்தன நிறச் சட்டை. சட்டை கியோங்கின் அளவு. எனக்கு ஒன்றும் இல்லை. வழக்கம் ஆர்டர் கொடுப்பவருக்கு இல்லையே, அவர் வீட்டாருக்குத்தானே. சேவியர் வேறெதுவும் கேட்கவில்லை. “பத்திரமாப் போய்ட்டு வாங்க அண்ணாச்சி” என்றார். என்னைப் பார்த்து ஒரு தடவை, கியோங்கைப் பார்த்து ஒரு தடவை.

ஈரோடு தாண்டும்வரை கியோங் அந்தப் பையை மடியிலிருந்து இறக்கவில்லை. நம் நாட்டில் சாலை அகலம், குழாயில் தண்ணீர் நிற்காமல் வருகிறது, பேருந்து நேரத்துக்கு வருகிறது. அதையெல்லாம் திருப்பூரோடு ஒப்பிட்டு எழுத நினைத்திருந்தேன். ஆனால் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் அக்காவிடமிருந்து, பதினோரு தீபாவளியாக ஒரே ஒரு சட்டைதான் வருகிறது. முகம் தெரியாத ஒரு பெண், வேலம்பாளையத்தில், நாள் கடத்தாமல் இரண்டாவது சட்டையை எடுத்துவிட்டார்.

“தீபாவளிக்கு இதக் கட்டட்டுமா?” என்று கியோங் கேட்டான்.

“கட்டு.”

“கட்டிக்கிட்டுப் பட்டறையில உக்காரணுமா?”

“இல்லை” என்றேன். “அக்கா வீட்டுக்கு வா.”