இரண்டு தடவை மடித்த பெல்ட்

புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் காது சூடாகிவிடும். ஆம்பூரில் எங்கள் தெரு முழுக்கத் தோல் வாசனைதான். பிறந்தது முதல் அதிலேயே கிடந்ததால் அது வாசனை என்றே எங்களுக்குத் தெரியாது. அதனால் அப்பா அந்த அட்டைப் பெட்டியைப் பிரித்தபோது வந்த ரப்பர் வாசனை, வெளியூர் ஆள் வாசலில் வந்து நிற்பதுபோலத் தனியாகத் தெரிந்தது.

அப்பா தோல் கம்பெனியில் 'செலக்சன்' பார்த்தவர், அதாவது பதம் போட்டு வந்த தோலில் நல்லது எது, கழிவு எது என்று பிரிப்பவர். தோலை மடித்து, மடிப்பின் மேல் கட்டை விரலை அழுத்தி ஓட்டுவார். வெடிப்பு தெரிந்தால் ஒதுக்கிவிடுவார். "கண்ணு பொய் சொல்லும், கட்ட வெரல் சொல்லாது" என்பது அவர் வாக்கு. வீட்டிலும் அவருக்கு அதே வேலைதான். பால்காரர், தையல்காரர், பள்ளிக்கூட வாத்தியார் என்று ஒருவரையும் அவர் நம்பியதில்லை. "கல்யாணத்தன்னிக்கு என் தாலியையே மோந்து பாத்த மனுசன்" என்று அம்மா சொல்வாள்.

லீவு நாளில் வாடகைக்கு ஓட்டலாம் என்று பழைய சின்ன கார் ஒன்றை அப்பா வாங்கியிருந்தார். அதற்கு டைமிங் பெல்ட் மாற்றும் காலம் வந்தது. எஞ்சினின் மேல் சக்கரத்தையும் கீழ்ச் சக்கரத்தையும் ஒரே தாளத்தில் சுற்ற வைக்கும், பல் வைத்த ரப்பர் பட்டை அது. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு ஓட்டையைப் போட்டு அனுப்புவார்கள் என்று, வீட்டு வாசலிலேயே மாற்ற அப்பா முடிவு செய்தார். பெல்ட்டைக் கடைத்தெருவில் அவருடைய தோஸ்த் ரஹீம் பாயிடம்தான் வாங்கினார். தோஸ்த்தாக இருந்தாலும் பெட்டியை அங்கேயே வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். அதற்கு மேல் நான் படிக்கவில்லை. வீட்டு வாசலில் வைத்துப் பிரித்த பெட்டியின் பக்கவாட்டில் ஒரு படம் இருந்தது. மடித்த பெல்ட், அதன் மேல் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி. அதைப் படிக்க எந்தப் படிப்பும் வேண்டாம். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அப்பா புது பெல்ட்டைத் தோலைப்போல மடித்து, கட்டை விரலால் அழுத்தி, காதருகே வைத்துக் கேட்டார். பிறகு மறுபக்கம் திருப்பி இன்னொரு தடவை மடித்தார். "ஒரிஜினல்தான் போலருக்கு" என்றார். எனக்கு வாய் வரவில்லை. அப்பாவிடம் வாய் திறக்கிற பிள்ளையாக நான் எப்போதும் இருந்ததில்லை.

சக்கரங்களில் சாக்பீஸால் குறி வைத்து, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. அப்பா ஒரு வாரம் மீசையைத் தடவிக்கொண்டு திரிந்தார்.

இரண்டாம் மாதம், விரிஞ்சிபுரம் கோயிலில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனபோது, பள்ளிகொண்டா தாண்டிப் பெல்ட் அறுந்தது. மாப்பிள்ளை மாலையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் முகூர்த்தத்துக்குப் போனார். அந்த அவமானத்தோடு, அறுந்த பெல்ட்டை ஒரு கையிலும் என்னை மறு கையிலும் பிடித்துக்கொண்டு அப்பா நேராகக் கடைத்தெருவுக்குப் போனார்.

"இன்னா பாய், பழைய சரக்கப் பொட்டில போட்டுக் குடுத்துட்டியா?"

கடைத்தெரு திரும்பிப் பார்த்தது. டீக்கடையில் ஒருவர், "பாய் சரக்கு அப்டித்தாம்பா" என்று சும்மா எடுத்துக் கொடுத்தார்.

பாய் கோபப்படவில்லை. அறுந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "இன்னா பேச்சு தோஸ்த் இது? இது மடிச்ச எடத்துல உட்டுருக்கு" என்றவர், குனிந்து என்னைப் பார்த்தார். "நீதான கூட இருந்த? சொல்லு கண்ணு. உங்கப்பா இத மடிச்சாரா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவின் கட்டை விரல் என் தோளில் அழுந்தியிருந்தது.

"இல்ல பாய்" என்றேன்.

பாய் அறுந்த பெல்ட்டை அப்பாவிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு உள்ளே போய் இன்னொரு பெட்டியை எடுத்துவந்து, அப்பாவிடம் கொடுக்காமல் என் கையில் வைத்தார். "நீயே எடுத்துனு போ. மடிக்காத பாத்துக்கோ."

வழியெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டே வந்தார்: "பாத்தியா? தப்பு இல்லன்னா சும்மா குடுப்பானா?"

அதற்குப் பிறகு அவர் அந்தக் கடைப் படி ஏறவில்லை. "பாய் கடையில டூப்ளிகேட்" என்ற பேச்சு தெருவில் நிலைத்தது. சில வருடங்களில் பாய் கடையைக் காலி செய்துகொண்டு வாணியம்பாடிக்கு மகன் வீட்டோடு போய்விட்டார். அவர் கொடுத்த பெல்ட்டோ, காரை விற்கும் வரை ஓடியது.

அன்று தான் மடித்ததை அப்பா மறந்திருந்தாரா, மறக்கவில்லையா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான். கேட்கலாம் என்றால் அவர் இப்போது இல்லை. கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் தொங்குகிறது. இப்போது வரும் பல கார்களில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலிதான். போன வருடம் ஒருவழியாகத் துணிந்து வாணியம்பாடிக்கு விசாரித்துப் போனேன். மகன் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, வாப்பா இறந்து வெகு நாளாயிற்று என்றார். என்ன விஷயம் என்று கேட்டார். சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டு, அங்கேயும் உண்மையைச் சொல்ல வாய் வராமல் எழுந்து வந்துவிட்டேன்.

பேச வராதவன் எழுதியாவது வைக்கிறேன். மடிச்சாரு பாய். ரெண்டு தடவ மடிச்சாரு. நான் பாத்தேன்.