டாக்ஸ் அசரியா சொன்ன ஆலோசனை

சித்தூரில் வரி வக்கீல் டாக்ஸ் அசரியா என்றால் இரண்டு விஷயங்களுக்குப் பேர் போனவர். வருமான வரிக் கேஸ் எதுவானாலும் அதிகாரி முன்னால் பூனை மாதிரி மெல்லப் பேசியே முடித்துவிடுவார். சர்ச்சில், அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை வந்தால், காணிக்கையாக வந்த காய்கறி, சேவல், நெல் மூட்டை எல்லாவற்றையும் ஏலம் போட மேடை ஏறுவார். அன்றைக்கு அவர் குரல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். ஒரே தொண்டையில் இந்த இரண்டு குரலையும் ஆண்டவர் எப்படித்தான் வைத்தாரோ என்று அவர் மனைவி யூனிஸுக்கே விளங்கியதில்லை.

அந்த ஏலத்தில் வருடா வருடம் பூசணிக்காயை எடுப்பவர் முனிகிருஷ்ணன். நகரிக்காரர், நெசவுக் குடும்பம், லுங்கி ஏற்றுமதி செய்து பெரிய பணக்காரர் ஆனவர். மிஷன் பள்ளியில் அசரியாவோடு ஒரே பெஞ்சு. நெற்றியில் நாமத்தோடு சர்ச்சின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, விடாமல் விலையை ஏற்றுவார். ஒரு பூசணிக்காய்க்கு ஆட்டுக்குட்டி வாங்கும் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதை யூனிஸ் கையிலேயே கொடுத்துக் கூட்டு வைக்கச் சொல்லி, மூக்குப் பிடிக்கச் சாப்பிட்ட பிறகுதான் காரில் ஏறுவார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. பெரிய வருமானக்காரர்கள் மேலே மேலே சம்பாதித்தால் சர்க்கார் எடுத்தது போகச் சில்லறைதான் மிஞ்சும். ஒருநாள் முனிகிருஷ்ணன் அசரியாவின் ஆபீஸுக்கு வந்து பொத்தென்று உட்கார்ந்தார்.

"அசரியா, நான் ஊர உட்டே போய்டலாம்னு இருக்கறன். துபாயா, லண்டனா, சிங்கப்பூரா, நீயே சொல்லு. நீ சொல்ற எடத்துல பெட்டிய எறக்கறன்."

அசரியாவுக்கு அவரை அனுப்ப மனமில்லை. ஃபீஸ் போனால் போகட்டும். ஐம்பது வயதுக்கு மேல் 'டேய்' என்று கூப்பிட வேறு ஆளுக்கு எங்கே போவது? யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"பணத்த வெளிய எடுத்துக்கினு போக ரிசர்வ் பேங்க் உடாதுன்னு ஒரு வார்த்த சொன்னா போதும், யூனிஸு. அவன் நம்பிடுவான்."

"சொல்லுங்களேன். அப்பறம் அவரு மூஞ்சிய எப்படிப் பாப்பீங்க? உண்மையச் சொல்லிட்டு வந்து இங்க ஒக்காந்து அழுங்க. நான் காப்பி போட்டுத் தர்றன்."

மறுவாரம் அசரியா உண்மையைத்தான் சொன்னார்.

"லண்டன் வேணாம். அங்கயும் நம்மூரு மாதிரியே உரிச்சி எடுப்பான், குளிரு வேற. துபாய்ல வரியே கெடையாது. ஆனா ஒன் லுங்கிய வாங்கறவன் எல்லாம் சிங்கப்பூரு, மலேயா பக்கம் இருக்கறான். சிங்கப்பூர்ல வரி கம்மி. கோயிலு இருக்குது, இட்லி கெடைக்கும். அங்கயே போ."

"அவ்ளோதானா?"

"ஒண்ணு இருக்குது. நகரி வீட்ட ஒனக்காகத் தொறந்து வச்சிக்கினு இருந்தீன்னா, வருஷத்துல ஒரு மாசம் இங்க தங்கினாலே நீ உள்ளூரு ஆளு. சிங்கப்பூர்ல சம்பாரிச்சதுக்கும் இங்க வரி."

"வீட்டப் பூட்டினா மனோரமா என்னைத் தொலச்சிடுவா" என்றார் முனிகிருஷ்ணன், தன் மனைவியை நினைத்து.

"அப்ப வர்ற நாளெல்லாம் சேத்து ஒரு மாசத்தத் தொடாம, வந்து வந்து ஓடிப்போய்டணும்."

முனிகிருஷ்ணன் விடுவாரா? ஜவுளிக்கடையில் பேரம் பேசுகிற மாதிரி ஆரம்பித்தார்.

"ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வருவனே, அது?"

"சேரும்."

"பொரட்டாசி சனிக்கெழம திருப்பதி?"

"சேரும்."

"டேய், மலைமேல இருக்கற நாளு கூடவா? அது பெருமாள் ஊருடா. சர்க்காருக்கு அங்க இன்னா வேல?"

"பெருமாளும் இந்தியாவுலதான்டா இருக்கறாரு!"

பிரியப் போகிறோம் என்பதையே மறந்து இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

சித்திரையில் முனிகிருஷ்ணன் மனைவியோடு சிங்கப்பூர் போனார். சொன்னபடி ஆடிக்கு வந்தார், புரட்டாசிக்கு வந்தார், தம்பி மகள் கல்யாணம் என்று கார்த்திகையிலும் திருப்பதிக்கு வந்தார். கல்யாணம் முடிந்து மெட்ராஸ் ரயில் ஏற்றிவிட ரேணிகுண்டாவுக்குப் போன அசரியா, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஒன் மாசம் தீந்துபோச்சிடா. இன்னும் ஒரு நாள் தங்கினாலும் மாட்டிக்குவ. பங்குனியில வரிக் கணக்கு வருஷம் முடியற வரைக்கும் இந்தப் பக்கம் தலவச்சிப் படுக்காத."

"அறுப்பு பண்டிக?"

"அதுவும் சேரும்."

ரயில் கிளம்பியதும் அழுகையை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். யூனிஸ் சொன்னபடி காப்பி போட்டாள்.

தை மாதம் பண்டிகை வந்தது. சேவல் போயிற்று, வாழைத்தார் போயிற்று. பூசணிக்காயைக் கையில் எடுத்ததும் அசரியாவுக்கு வாயில் வந்தது வரி ஆபீஸ் குரல்தான். முன்வரிசைக்கே கேட்கவில்லை. "சத்தமா!" என்று யூனிஸ் கீழேயிருந்து சைகை காட்டினாள். யாரோ ஐந்து ரூபாய் என்றார்கள்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

"நூத்தியொண்ணு!"

கடைசி வரிசையில் கசங்கிய சட்டையோடு, நாமத்தோடு, முனிகிருஷ்ணன் நின்றுகொண்டிருந்தார். அசரியா மேடையையும் மறந்தார், சபையையும் மறந்தார்.

"டேய், ஏன்டா வந்த? இந்த நாளும் கணக்குல சேரும்டா!"

"சேரட்டும்டா! பெட்டியெல்லாம் கட்டிக்கினு ஒரேயடியா வந்துட்டன். சிங்கப்பூர்லயும் பூசணிக்கா கெடைக்குது, ஏலம் போடத்தான் ஆளு இல்ல. நீ கத்து!"

அசரியா தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு "மூணு தரம்!" என்றார். அன்றைக்குச் சத்தம் பஸ் ஸ்டாண்டையும் தாண்டிப் போனது.

அந்த வருடத்து வரியை முனிகிருஷ்ணன் முனகிக்கொண்டே முழுசாகக் கட்டினார். கணக்கைக் காட்டப் போன இடத்தில் அதிகாரி தலைநிமிராமல், "கட்சிக்காரர் வெளிநாடா, உள்ளூரா?" என்று கேட்டார்.

"உள்ளூருங்க!" என்று அசரியா ஏலக்குரலில் போட்ட போட்டில், பக்கத்து அறை குமாஸ்தாக்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.