தேர்வாளர் வீட்டம்மாவும் தொட்டபெட்டாவும்

போன வாரம் ஊட்டி பஸ் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, நனைந்த கம்பளி ஸ்வெட்டரோடு ஒருவர் வந்து என்னை ஒட்டி நின்றார். ஈரக் கம்பளி வாசம் உங்களுக்கு ஆட்டுக்கிடையை நினைவுபடுத்தலாம், நியாயம்தான். எனக்கு அது ஒரு பரீட்சையை நினைவுபடுத்தும். பஸ் வந்ததும் முதல் ஆளாக ஏறிவிட்டேன்.

நான் சுற்றுலாப் பட்டம் படித்தவன். வெளியில் சொல்வதில்லை; சொன்னால் சொந்தக்காரர்கள் கொடைக்கானலில் ரூம் போட்டுத் தரச் சொல்வார்கள். ஊட்டிக்குப் பக்கத்து எமரால்டில் கேரட் வியாபாரம் செய்த அப்பாவுக்கு இந்தப் படிப்பின் சூட்சுமம் கடைசிவரை பிடிபடவில்லை. "ஊட்டில இருந்துக்கிட்டு ஊட்டியக் காட்டறதுக்கு எதுக்குடா மூணு வருசம்? ரோட்டுல நின்னு கைய நீட்டுனாப் போதாதா?" என்பார். அந்தத் துறையில்தான் இடம் காலியாக இருந்தது, சேர்ந்தேன்.

மற்ற பேப்பர்கள் எப்படியோ தேறிவிட்டன. பயண ஏஜென்சி நடத்துவது பற்றிய பேப்பர் மட்டும் இரண்டு முறை காலை வாரியது. ஓட்டல்காரருக்கும் பயணிக்கும் நடுவில் ஏஜென்ட் என்ன செய்கிறார் என்று விவரிக்க வேண்டும், பத்து மதிப்பெண். 'நடுவில் நிற்பார்' என்று எழுதினேன். அதற்குமேல் ஒன்றும் தோன்றாததால் படம் வரைந்தேன். படத்தில் நடுவில் நின்றவருக்குக் கொஞ்சம் என் சாயல்.

அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் போச்சுன்னா மறுநாளே கேரட் கழுவ வந்துரு." எங்கள் பக்கத்துக் கேரட் கழுவலைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். விடிவதற்கு முன்னால், உறைபனிக் குளிரில், முழங்கால் தண்ணீரில் நிற்க வேண்டும். கேரட் பளபளவென்று ஆகிவிடும். ஆள் நீலமாகிவிடுவார்.

மூன்றாவது முறை எழுத்துத் தேர்வை ஒருவழியாக முடித்தேன். வைவா என்கிற வாய்மொழித் தேர்வு மட்டும் மிச்சம். எங்கள் கல்லூரிக்கு வெளித்தேர்வாளராக வருவதற்குச் சமவெளிப் பேராசிரியர்களிடையே ஒரு போட்டியே உண்டு. தனியாக வந்தவரை நான் பார்த்ததில்லை. அந்த ஐப்பசியில் வந்தவரும் மனைவியோடுதான் வந்தார். துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"உனக்குக் கடைசி நம்பர். மத்தியானத்துக்கு மேலதான் வரும். அதுக்குள்ள சார் வீட்டம்மாவத் தொட்டபெட்டாவுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு வந்துரு." பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்லாக் காட்டு" என்றார். என் பட்டம் அந்த இரண்டு சொல்லில் தொங்கியது.

புத்தகத்தில் சொன்னபடி ஒரு பயணத்திட்டம் எழுதி எடுத்துக்கொண்டேன். 'சிகரத்திலிருந்து காட்சி: நாற்பத்தைந்து நிமிடம்.' டாக்சிக்காரர் செல்வராஜண்ணன் வானத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, மேல ஒண்ணுந் தெரியாதுங்களே. காத்தால இருந்து மூடிக் கெடக்குது."

"பிளான்ல இருக்குதுங்கண்ணா."

"அது மேகத்துக்குத் தெரியுங்களா?"

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் அதுவரை தொட்டபெட்டாவுக்குப் போனதே இல்லை. விருந்தாளி வந்தால்தான் உள்ளூர்க்காரன் அங்கெல்லாம் போவான். எங்கள் வீட்டு விருந்தாளிகள் கேரட் மூட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

மேலே எல்லாம் வெள்ளை. கம்பித் தடுப்பு தெரிந்தது, அதற்கப்பால் உலகம் முடிந்துவிட்டது. வாங்கும் முன் கண்ணால் பார்க்க முடியாத சரக்கு சுற்றுலா என்று பாடத்தில் உண்டு. வாங்கிய பிறகும் பார்க்க முடியாது என்பது பாடத்தில் இல்லை.

"மலை எங்கப்பா?" என்றார் அந்த அம்மா.

"நீங்க நிக்கறது அதுமேலதாங்கம்மா."

"அது சரி. பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

எனக்குக் கேரட் ஓடை கண்ணில் தெரிந்தது. கையை நீட்டினேன். அதோ குன்னூர் என்றேன். தேயிலைத் தோட்டம், கூடையோடு கொழுந்து பறிக்கிற பெண்கள், சரிவில் ஊர்ந்து போகிற ரயில் என்று, துறைச் சுவரில் மாட்டியிருந்த படத்தில் உள்ளதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். செல்வராஜண்ணன் பின்னாலிருந்து என் முழங்கையைப் பிடித்து மெதுவாக வேறு திசைக்குத் திருப்பினார். "குன்னூரு இந்தப் பக்கம்ங்க."

"சரி, அப்ப இங்கிட்டுப் பாப்போம்," என்று அந்த அம்மாவும் நகர்ந்து நின்றார். அவர் போட்டிருந்த கம்பளி ஸ்வெட்டர் சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது. அந்த வாசம் பக்கத்தில் நின்ற என்மேலும் ஏறியது. கொஞ்ச நேரம் வெள்ளையையே பார்த்திருந்துவிட்டுக் கேட்டார்: "அந்த ரயில் இப்ப எங்க போகுது?"

"வெலிங்டன் தாண்டிருச்சுங்கம்மா."

இறங்கும் வழியெல்லாம் அவர் ஸ்வெட்டர் கையைப் பிழிந்துகொண்டே வந்தார். மதியம் துறைத் தலைவர் அறையில் கணவனும் மனைவியும் சாப்பிட்டார்கள். நான் வராந்தாவில் நின்றபடி, முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் எங்கே கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் முறை வந்தது. தேர்வாளர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

"எங்க வீட்டம்மாவுக்கு என்னய்யா காட்டுன?"

"மேகங்க சார்."

"அவ டீத்தோட்டம், ரயிலு எல்லாம் பாத்தேங்குறா. போன வருசம் மூணாறு கூட்டிட்டுப் போனேன், வெயில் பளிச்சுன்னு அடிச்சது. அங்ககூட இவ்வளவு பாக்கலையாம். மேகமா, ரயிலா, ரெண்டுல எது நெசம்?"

"அவங்க சொல்றதுதாங்க சார்."

அவர் தாளில் ஏதோ எழுதி, "போ" என்றார். ஏஜென்ட் நடுவில் நின்று என்ன செய்கிறார் என்ற அந்தப் பத்து மதிப்பெண் கேள்விக்கு நான் கொடுத்த ஒரே சரியான பதில் அதுதான் என்று, தேர்ச்சிப் பட்டியலில் என் எண்ணைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அந்த எண்ணை மூன்று முறை விரலால் தொட்டுப் பார்த்தேன். அப்பாவிடம் சொன்னபோது, "அப்ப கேரட்டுக்கு வேற ஆளப் பாக்கோணும்" என்று மட்டும் சொன்னார்.

நான் ஏஜென்ட் ஆகவில்லை. சுற்றுலா உலகம் தப்பித்தது. ஆனால் அந்தத் தேர்ச்சி தவறு, திரும்ப எழுத வா என்று யாரோ கூப்பிடுவதாகப் பல வருடம் கனவு வந்தது. ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் இருந்த டிராவல்ஸ் போர்டுகள் ஒவ்வொன்றாக இறங்கிச் சாக்லேட் கடைகளாயின. ரூம், ரயில், ஜீப் எல்லாம் போனுக்குள் போய்விட்டன. இப்போது அந்தக் கல்லூரியில் வேலை பார்க்கும் நண்பன் ஒருநாள் பேச்சுவாக்கில், அந்தப் பயண ஏஜென்சிப் பேப்பரையும் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டதாகச் சொன்னான்.

"பேர மாத்திட்டாங்களா, எடுத்தே போட்டாங்களா?" என்று கேட்டேன்.

"எடுத்தே போட்டாங்கடா. உனக்கென்ன அதுல?"

ஒன்றுமில்லை என்றேன். இனி யார் நினைத்தாலும் என்னை அதைத் திரும்ப எழுதச் சொல்ல முடியாது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.