எதிர் ஷெட்டின் இரைச்சல்

தூரத்து நாட்டுக்காரர்களோடு பேச ஒரு புதிய ஹாம் ரேடியோ வாங்கும் முன், நண்பர் கதிர்வேலின் செட்டை நேற்று அவர் வீட்டில் இயக்கிப் பார்த்தேன். அவர் குமிழைத் திருகி ஃபில்டரைக் குறுக்கியதும் பக்கத்து பனியன் கம்பெனி மோட்டார்களின் இரைச்சல் அடங்கிப்போனது. இலங்கையிலிருந்து ஒருவர் பேசுவது மட்டும் தெளிவாகக் கேட்டது.

என் சின்ன வயதில், எங்கள் ஊரான நெருப்பெரிச்சலில் அப்பா வைத்திருந்த பழைய செட்டில் இந்த வசதியெல்லாம் இல்லை. எதிரே சித்தப்பாவின் பனியன் துணி பின்னும் நிட்டிங் ஷெட் ஓடினால் ஹெட்போன் முழுக்கக் கரகரப்புதான். பூர்வீகக் காட்டு நிலத்தைப் பிரித்த தகராறில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று வருஷக்கணக்காகியிருந்தது. "ஆரம்பிச்சுட்டான் பாரு" என்று அப்பா தினமும் திட்டுவார்.

தீபாவளிக்கு மட்டுமே நிற்கும் அந்தக் கரகரப்பு, ஒரு நாள் காலை கரண்டு இருக்கும்போதே நின்றது. எங்கெங்கோ இருப்பவர்களின் குரல்கள் துல்லியமாகக் கேட்டன. அப்பா ஹெட்போனைக் கழற்றினார்.

"அவன் மிஷினு நின்னுபோச்சு கண்ணு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, செருப்புகூடப் போடாமல் ரோட்டைத் தாண்டி ஓடினார். நூல் தீர்ந்து தானாக நின்றிருந்த மிஷினருகே, மூட்டைகளுக்கு நடுவே சித்தப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அப்பாவின் மடியில்தான் உயிர் போனது.

"சத்தம் சுத்தமா போயிருச்சு பாத்தீங்களா? இதையே வாங்கிக்குங்க" என்றார் கதிர்வேல்.

"நல்ல ஃபில்டருங்க" என்றேன். என் கை தானாகப் போய் அதை அகலத் திறந்தது. இரைச்சல் திரும்பி வந்தது. பக்கத்துக் கம்பெனி ஓடிக்கொண்டுதான் இருந்தது.