பலாங்கொடையில் சீக்குவென்சர் ரிப்பேர்

ரிப்பேர் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்: உலகத்திலுள்ள நல்ல சாமான் எல்லாம் நம் மேசைக்கு வரும், ஒன்றுகூட நம்மோடு தங்காது. இலங்கையின் பலாங்கொடை கடைவீதியில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் கீபோர்ட், ரிதம் பெட்டி, சீக்குவென்சர் என்று பாட்டுக்குழுக்களின் மின்சாமான்களைப் பழுது பார்த்தேன். வாசிக்கவும் ஓரளவு தெரியும். சொந்தமாக ஒரு சீக்குவென்சர் வேண்டும் என்ற ஆசை மட்டும் கடைசிவரை ஆசையாகவே இருந்தது. நீங்களும் என் ஜாதி என்றால் இதைப் படித்துப் பெருமூச்சு விடலாம்.

சத்தமே வராத பெட்டி

கஹவத்தைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் பஸ்ஸில் வந்தார். மகனுடைய பாட்டுக்குழுவுக்காக கொழும்பில் பழைய சீக்குவென்சர் ஒன்று வாங்கியிருந்தார். விளக்கெல்லாம் எரிகிறது, சத்தம் மட்டும் வரவில்லையாம்.

சாமானில் பழுதே இல்லை. "ஐயா, இது தானா சத்தம் போடாதுங்க. எந்தக் கட்டைய எப்ப வாசிக்கணும்னு ஞாபகம் வச்சிருந்து கீபோர்டுக்குச் சொல்லும். கீபோர்ட்தான் வாசிக்கும்" என்றேன். பெரியவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேல செய்யாம வேல மட்டும் சொல்ற ஆளா இது? அப்படி ஆளுங்க எங்க தோட்டத்துலயே நெறைய இருக்காங்களே தம்பி!"

மூன்று நாள்

சுனில் அண்ணன் டவுனில் சிங்களப் பாட்டுக்குழு நடத்தியவர். அவருடைய சீக்குவென்சரில் ஒரு பட்டன் வேலை செய்யவில்லை. அரைமணி நேர வேலை. "சாமான் கொழும்பிலிருந்து வரணும்" என்று பொய் சொல்லி மூன்று நாள் வைத்துக்கொண்டேன். கடையைச் சாத்திவிட்டு என் மனசில் கிடந்த மெட்டுகளை ஒவ்வொன்றாக அதில் ஏற்றி, கேட்டுக் கேட்டு அழித்தேன்.

ஒன்றை அழிக்க மனசு வரவில்லை. நாலாம் நாள் அண்ணன் வந்து பட்டனை அழுத்தியதும் மாட்டியிருந்த என் கீபோர்டில் அதுதான் ஓடியது. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, தம்பி என்பதை மட்டும் சிங்களத்தில் 'மல்லி' ஆக்கி, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்:

"மல்லி, பாட்டு முடிஞ்சதா? இல்ல, இன்னும் ரெண்டு நாள் பட்டன் கெட்டுப் போகட்டுமா?"

பங்களாவில் வயர்க்காடு

ஒரு தோட்டத்துப் பெரிய துரை, அதாவது மானேஜருடைய தம்பி வெளிநாட்டிலிருந்து மாடுலர் சிந்தசைசர் கொண்டு வந்திருந்தார். அலமாரி அளவு பெட்டி, முகமெல்லாம் திருகுகள், ஓட்டைகள். எந்த ஓட்டையிலிருந்து எந்த ஓட்டைக்கு வயர் குத்துகிறோமோ அதற்குத் தக்கபடி சத்தம் பிறக்கும். இரைச்சல் வருகிறது என்று என்னைப் பங்களாவுக்கு அழைத்தார்கள். எர்த் சரியில்லை, அவ்வளவுதான்.

சரிசெய்ததும், "நீங்களும் போட்டுப் பாருங்க" என்றார் அந்த மனிதர். பன்னிரண்டு வயர் குத்தினேன். தகரக் கூரையில் மழை வலுத்து ஓய்கிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. திரும்பி வர மனசே இல்லை. தேத்தண்ணியோடு வந்த சமையல்கார அப்பு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"மழை வெளிய சும்மாவே பெய்யுதே தம்பி, அதுக்கு எதுக்கு இத்தன வயரு?"

செல்வராணியின் பெட்டி

செல்வராணி கொழுந்து பறிக்கிறவர். கணவர் கணேசன் பாட்டுக்குழுவில் கீபோர்ட் வாசித்தவர். கட்டாருக்கு வேலைக்குப் போய் இரண்டு வருஷம். கீபோர்டை விற்றுவிட்டுப் போனவர், தன் சீக்குவென்சரை மட்டும் வீட்டில் வைத்திருந்தார். மகள் பிறந்தபோது அவர் சொந்தமாகப் போட்ட மெட்டு அதற்குள் இருந்தது. "பெட்டரி முடியுதுன்னு எழுத்து வருதுண்ணே. மெட்டு போயிரக் கூடாது" என்றார்.

என் கீபோர்டில் மாட்டி அந்த மெட்டைப் பத்துப் பதினைந்து தடவை ஓடவிட்டேன். அவ்வளவு பிடித்துப்போனது. உள்ளே இருக்கும் பெட்டரியைக் கழற்றினால் ஞாபகம் அழிந்துவிடும். ஆகவே பெட்டியைக் கரண்டில் ஓடவிட்டபடியே மாற்ற வேண்டும். பழையதைக் கழற்றினேன். புதியதைக் கையில் எடுத்தபோது கரண்ட் போய்விட்டது.

திரும்பக் கரண்ட் வந்தபோது பெட்டி வெறுமையாக இருந்தது. சொல்லத் துணிவில்லாமல், மனசில் நின்ற மெட்டை நானே வாசித்து ஏற்றி வைத்தேன். அச்சு அசலாக வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை செல்வராணி வந்து கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "அவரு ஒரு எடத்துல வெரல் தடுமாறித் தப்பு விடுவாரு. அது எங்கண்ணே?" என்றார்.

உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த எடத்த முனகிக் காட்டுங்க, அதே மாதிரி தப்பா வாசிச்சு வைக்கிறேன்" என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் பெட்டியைப் பையில் வைத்தார்.

"இருக்கட்டும்ணே. வந்து அவரே தப்பு விடட்டும்."

தப்புச் செய்துவிட்டுப் பல பேரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், தப்பில்லாமல் வாசித்ததற்காகக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.