சித்தியின் காலில் தடவிய எண்ணெய்

சித்தி எடை தூக்கப் போகும்போதெல்லாம் அவளுக்குத் துணையாக அனுப்பப்பட்டவள் நான். எனக்கு அப்போது பத்து வயது. தன் உடம்பைவிடக் கனமான இரும்பைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்துகிற இருபது வயதுப் பெண்ணைக் கீரப்பாளையத்திலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் தனியாக அனுப்பக் கூடாதாம். மூக்கு ஒழுகும் ஒரு வாண்டு கூடப் போனால் எல்லாம் சரியாகிவிடுமாம். இது தாத்தாவின் சட்டம். வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

ஜிம்மில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. சித்தி தூக்கும்போது பக்கவாட்டில் உட்கார்ந்து அவள் செல்போனில் வீடியோ எடுக்க வேண்டும். பிறகு அவளும் பயிற்சி கொடுக்கும் மாஸ்டரும் அதை மெதுவாக ஓடவிட்டுப் பார்ப்பார்கள். சித்திக்குப் பலத்தில் குறையில்லை. தரையிலிருந்து இழுக்கும் விதத்தில்தான் கோளாறு. எடை மாட்டிய இரும்பு ராடு காலை ஒட்டியே மேலே வர வேண்டும். அவளுடையது முழங்காலைத் தொடுவதற்குள் நான்கு விரல் முன்னால் விலகிப்போய், அவளையும் முன்பக்கம் இழுத்துவிடும். அந்த நான்கு விரலைக் குறைக்கப் பல மாதம் பாடுபட்டாள். நான்கு மூன்றாகி, இரண்டாகி, கடைசியில் ராடு காலை உரசிக்கொண்டே வர ஆரம்பித்தது. மாஸ்டருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் இரும்பின் சொரசொரப்பில் சித்தியின் முன்னங்கால் தோல் உரியும், காயும், மறுபடி உரியும். சாயங்காலம் அவள் காலைப் பிடித்துவிடும்போது எனக்கு அழுகை வரும். அவளோ போனில் வீடியோவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

கடலூரில் போட்டி வந்தது. அதில் முதலாவதாக வந்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம்; இல்லாவிட்டால் ஜிம்மை மறந்துவிட வேண்டியதுதான் என்று தாத்தா சொல்லிவிட்டார். அம்மா என் பையில் சீப்பு, ரிப்பன், சின்ன பாட்டிலில் எண்ணெய் எல்லாம் வைத்துக் கொடுத்தாள். வெந்தயமும் கறிவேப்பிலையும் போட்டு அவளே காய்ச்சிய தேங்காய் எண்ணெய். என் பரட்டைத் தலை எங்கள் குடும்ப மானத்தை வாங்கிவிடக் கூடாது என்பது அவள் கவலை.

சித்தி அன்று பிரமாதமாகத் தூக்கினாள். மூன்றாவதான கடைசி வாய்ப்புக்கு முன்பு, மங்கலம்பேட்டையிலிருந்து வந்திருந்த ஒருத்தி மட்டும்தான் அவளுக்கு மேலே இருந்தாள். மூன்று கிலோ கூட்டித் தூக்கிவிட்டால் சித்திதான் முதல். ஆனால் இரண்டாவது முறை தூக்கியதில் கால் கிழிந்து ரத்தம் கசிந்திருந்தது. மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் பெஞ்சில் சாய்ந்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, உதட்டுக்குள் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அப்போதுதான் அந்த அபாரமான யோசனை வந்தது. எண்ணெய் தடவினால் ராடு வழுக்கிக்கொண்டு மேலே போய்விடும், கால் உரியாது. இவ்வளவு சின்ன விஷயம் மாஸ்டருக்கு ஏன் தோன்றவில்லை என்று அவர்மேல் இரக்கம்கூட வந்தது. உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு, வழக்கம்போல் பிடித்துவிடுவதாகப் பாவனை செய்து, கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு மேல் வரை தடவினேன். அறை முழுக்க வலி மருந்து வாடை அடித்ததால் எண்ணெய் வாசனை எழவில்லை. சித்தி அசையவில்லை.

பெயர் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட ஒரு நிமிஷத்துக்குள் தூக்க ஆரம்பிக்க வேண்டும். சித்தி மேடை ஏறினாள். விளக்கு வெளிச்சத்தில் அவள் கால் இரண்டும் பளபளத்தன. எதிரே உட்கார்ந்திருந்த நடுவர் அம்மா கையை நீட்டி நிறுத்தினார். காலில் எண்ணெய் இருக்கவே கூடாது, துடைத்துவிட்டுத் தூக்கு என்றார். துடைக்கிற நேரத்துக்காகக் கடிகாரம் நிற்காது.

சித்தி குனிந்து தன் காலைப் பார்த்தாள். அந்த முகத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. நான் அறையின் கம்பிக் கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன். மாஸ்டர் துண்டை வீசினார். தேய்க்கத் தேய்க்க எண்ணெய் பரவியதே தவிரப் போகவில்லை. உள்ளங்கையெல்லாம் ஆகிவிட்டது. பிடி வழுக்காமலிருக்க வைத்திருக்கும் வெள்ளைப் பவுடரை அள்ளிக் கையில் தேய்த்தாள்; அது கட்டிகட்டியாக உதிர்ந்தது. பாதி நேரம் போய்விட்டதற்கான மணி அடித்தது. ராடைப் பிடித்தாள்.

அவள் வாழ்நாளில் இழுத்ததிலேயே அழகான இழுப்பு அதுதான் என்று சத்தியம் செய்வேன். ஒரு நூல்கூட விலகாமல் காலோடு காலாக ஏறியது. இடுப்பருகே வந்ததும் கை வழுக்கியது. ராடு தரையில் விழுந்து அதிர்ந்தது. சித்தி பின்னால் போய் மடேரென்று உட்கார்ந்தாள். தூக்கியது செல்லாது என்று மூன்று சிவப்பு விளக்குகளும் எரிந்தன.

மாஸ்டர் ஆத்திரத்தில் நடுங்கினார். "எவ தடவுனது?"

"நான்தான் சார். காலு எரிஞ்சுது, தடவிக்கிட்டேன்" என்றாள் சித்தி.

"இவ்ளோ வருஷம் தூக்குறியே, ரூல்ஸ் தெரியாதா ஒனக்கு?"

சித்தி குனிந்து துண்டால் காலைத் துடைத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. கம்பிக் கதவின் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்த எனக்கு அவள் ஏன் பொய் சொல்கிறாள் என்று விளங்கவில்லை. தானே தடவிக்கொண்டு மறந்துவிட்டதாக நினைத்துவிட்டாளோ என்றுகூடத் தோன்றியது. அடி விழாது என்பது மட்டும் புரிந்தது.

மறுநாளிலிருந்து சித்தி ஜிம்முக்குப் போகவில்லை. தாத்தா கேட்டபோதும் அவரிடம் அதே பதிலைத்தான் சொன்னாள். அதன் பிறகு அவள் ராடைத் தொடவே இல்லை. இப்போது ஸ்ரீமுஷ்ணத்தில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். அவள் காலில் அந்தத் தழும்புகள் இன்னும் இருக்கின்றன.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தாள். பஸ் ஆலப்பாக்கம் தாண்டியது. பிறகு, "தல பறக்குது பாரு. பையில எண்ண பாட்டிலு இருக்குமே, எடு" என்றாள்.

பயந்துகொண்டே எடுத்துக் கொடுத்தேன். பாதிகூட இல்லை. சித்தி மூடியைத் திறந்து ஒரு தடவை முகர்ந்து பார்த்தாள். மிச்சத்தை என் தலையில் ஊற்றி, நிதானமாகத் தேய்த்து, ரெட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டிவிட்டாள்.

"அதுக்குள்ள எங்கடி காலியாச்சுன்னு அம்மா கேட்டா, சித்தி தடவிக்கிச்சுன்னு சொல்லு" என்றாள்.

சரி என்று தலையாட்டினேன். நல்லவேளை, சித்திக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, சிதம்பரம் வரும்வரை அவள் மடியில் படுத்து நிம்மதியாகத் தூங்கினேன்.