நுரையக்காவின் கடைசித் தண்ணி

நுரையக்காவுக்கு அந்தப் பேர் வந்தது கடை திறந்த முதல் வாரம். மூன்று மாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில், வண்டிகள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் அவளுடைய லாண்டரி. இரண்டு வாஷிங் மெஷின், ஒரு டிரையர், ஒரு சிமெண்ட் தொட்டி, அவ்வளவுதான். புதுச் சோப்புத்தூள் ஒன்றை நம்பி அளவு தெரியாமல் கொட்டினாள். மெஷின் வாந்தி எடுத்தது. நுரை படியேறித் தெருவுக்குப் போய், எதிரே இருந்த மருந்துக்கடைக்காரரின் செருப்பைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தது.

"ஏம்மா, குடியிருப்புக்கு லாண்டரி போதாதா? கடலையும் கொண்டு வந்துட்டியா?" என்றார் அவர்.

இவள் துடைப்பத்தோடு நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து அவள் நுரையக்கா. அவளைவிடப் பத்து வயசு மூத்த கிழங்கள்கூட வெட்கமில்லாமல் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

சிரித்தாலும் சத்தம் வராது அவளுக்கு. சண்டை போடுவது சுத்தமாக வராது. கடையில் உடைந்த பிஸ்கட்டைத் தலையில் கட்டி அனுப்பினால், "டீயில தொட்டா எல்லாம் உடையத்தானே போகுது" என்று சாப்பிட்டுவிடுவாள். அவளுக்கும் சேர்த்துப் பேசுவதற்கு நாத்தனார் இருந்தாள். கணவரின் கூடப்பிறந்த அக்கா. அதே கடையில் இஸ்திரி போட்டாள். இஸ்திரிப் பெட்டி ஆறினாலும் அவள் வாய் ஆறாது.

கணவர் தெருக்கோடியில் இருந்த பெரிய தவணைக் கடையில் வேலை பார்த்தார். மெஷின், மெத்தை, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும், கடையே ஒரு கடன் கார்டு கொடுத்துத் தவணையில் விற்கிற இடம். அதன் மாடியில் இருந்த தாமதக் கட்டணப் பிரிவில் அவருக்கு வேலை. தேதி தவறியவர்களுக்கு அபராதம் போடுகிற இடம். வீட்டில் அவர் நல்ல மனுஷன்தான். வேலை முடிந்து வந்ததும் டையைக் கழற்றிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வாளி தூக்குவார்.

நுரையக்காவின் தூக்கத்தைக் கெடுத்தது துண்டுகள். சாஃப்ட்னர் ஊற்றி அலசினால் துண்டு பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருக்கும். ஆனால் தண்ணீரை உறிஞ்சாது. முதுகில் இருக்கிற ஈரத்தை வயிற்றுக்குத் தள்ளிவிடும், அவ்வளவுதான். ஊற்றாமல் விட்டால் உறிஞ்சும், ஆனால் தோலை உரிக்கும். ரெண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்று உலகமே ஒப்புக்கொண்டுவிட்டது. இவள் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. வினிகர், கிளிசரின், எலுமிச்சை, தலைக்குப் போடுகிற கண்டிஷனர் என்று கடைசி அலசலில் என்னென்னவோ கலந்து பார்த்தாள். ஒருமுறை கணவரின் கால்சட்டை விறைத்துப்போய், உள்ளே ஆள் இல்லாமலேயே எழுந்து நின்றது. நாத்தனார் அதற்கு வணக்கம் வைத்து, "தம்பி, சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

ரொம்ப நாள் இப்படியே போனது. துவைத்து உலர்ந்த துண்டின் மேல் விரலை நனைத்து ஒரு சொட்டு விடுவாள். சொட்டு முத்து மாதிரி உட்கார்ந்துகொண்டால் தோல்வி. ஒருநாள் அது உட்காரவில்லை. தொட்டதும் உள்ளே போய்விட்டது. துண்டைக் கன்னத்தில் வைத்தால் கன்னத்துக்கே கூச்சமாக இருந்தது. "குடிச்சிருச்சுங்க!" என்று கிசுகிசுப்பாகச் சொல்லிக்கொண்டே குதித்தாள். அளவுக் குவளையைப் பிடித்திருந்த கணவரும் கூடச் சேர்ந்து குதித்தார்.

அதற்குக் கடைசித் தண்ணி என்று பேர் வைத்தாள். ஊர்த் துண்டெல்லாம் அவள் கடைக்கு வர ஆரம்பித்தது. மருந்துக்கடைக்காரர் முகத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "பாட்டில்ல ஊத்திக் கொண்டா, இருமல் மருந்துக்குப் பக்கத்துல இடம் தரேன். ஆனா பேர் ஒட்டணும், அனாதை பாட்டிலை நான் விக்க மாட்டேன்" என்றார்.

"பேரா? என் பேரா?"

"பின்ன என் பேரா?"

நுரையக்கா காது வரைக்கும் சிவந்துபோனாள். அவள் பேர் எழுதின பொருள் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. கடைப் பலகையில்கூட 'லாண்டரி' என்று மட்டும்தான் இருந்தது. காலி பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்து அடுக்கினாள். கணவர்தான் தடுத்தார். "அவசரப்படாத. யாராவது திருடிடுவாங்க. முறைப்படி பதிவு பண்ணிட்டு விக்கலாம். நான் பார்த்துக்கறேன்."

"சரிங்க" என்றாள்.

அந்தச் சமயத்தில் அவரும் எதையோ கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். அபராதம் போட்டால் சிலர் போன் பண்ணிக் கத்துவார்களாம். கத்தினால் ரத்து செய்துவிடுவார்களாம். யார் கத்துவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் அவர்களைத் தொடாமலே விட்டுவிடலாமே என்பது அவருடைய யோசனை.

"அப்ப கத்தாதவங்க?" என்று கேட்டாள்.

"அவங்க கட்டிடுவாங்க."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. அவர்தான் அவளைக் கேட்டார். சாயங்காலமானால் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாக விசாரித்தார். பால் புளிச்சிருந்தா கடையில திருப்பிக் கொடுப்பியா? பஸ்ல மீதிச் சில்லறை கேட்பியா? வரிசையில எவனாவது முன்னாடி நுழைஞ்சா என்ன பண்ணுவே? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் இவ்வளவு விசாரித்ததில்லை. நுரையக்கா வெட்கப்பட்டுக்கொண்டே பதில் சொன்னாள். பகலில் துணி பிழியும்போது, இன்றைக்கு அவரிடம் எதைச் சொல்லலாம் என்று யோசித்து வைத்துக்கொள்வாள். அவர் வருகிற நேரத்துக்கு முகம் கழுவித் தலைவாரிக்கொள்வாள். "என்னடி, ரெண்டாவது தடவை பொண்ணு பார்க்க வராங்களா?" என்று நாத்தனார் இடித்தாள்.

அதற்கப்புறம்தான் மேல்மாடிக்கு ஒரு லாரி ஓட்டுநர் குடிவந்தார். புது வீட்டில் மெஷினுக்கு இன்னும் குழாய் பொருத்தவில்லை என்று, தூசி படிந்த துணி மூட்டையை நுரையக்காவிடம் கொண்டுவந்து போட்டார். பழக்க தோஷத்தில் ஒரு துண்டின் மேல் சொட்டு விட்டாள். குடித்தது. கன்னத்தில் வைத்தாள். மெத்தென்று இருந்தது.

"அண்ணே, இதுக்கு முன்னாடி என் கடைக்கு வந்திருக்கீங்களா?"

"இல்லையே. தவணைக் கடையில மெஷின் வாங்கினேன், கூடவே 'மெத்மெத்'துன்னு பேர் போட்ட ஒரு பாட்டில் கொடுத்தாங்க. அதைக் கண்டுபிடிச்சவரையே வாசல்ல அட்டையில செஞ்சு நிறுத்தியிருக்காங்களே, நீங்க பார்க்கலையா?"

நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள். வாசலில் அட்டைக் கணவர் நின்றார். நிஜக் கணவரைவிட ஒரு சாண் உயரம், தொப்பை கிடையாது.

"என் தம்பிக்கு இவ்வளவு முடி எப்ப முளைச்சுது?" என்ற நாத்தனார் கிட்டே போனதும் குரலைத் தாழ்த்திவிட்டாள். அட்டைக் கையில் ஒரு நிஜத் துண்டு தொங்கியது. "அடியே, இது நம்ம துண்டுடி. மூலையில நான் சுட்ட தழும்பு இருக்கு பாரு."

வீட்டுக்கு வந்த கணவருக்குச் சாப்பாடு போட்டுவிட்டுக் கேட்டாள். "ஏங்க, கடை வாசல்ல நிக்கிறது நீங்கதானா?"

அவர் வாயில் இருந்ததை முழுங்கினார். "பார்த்துட்டியா? சொல்லணும்னுதான் இருந்தேன்."

"அது என் தண்ணிங்க."

"வீட்டுக்குள்ள என்ன உன்னுது, என்னுது? பதவி உயர்வு கொடுத்திருக்காங்க. எல்லாம் குடும்பத்துக்குத்தானே?"

"பேரையாவது என்னுதா போட்டிருக்கலாமே."

"ஒரு பேரு. அதுக்கா இப்படி மூஞ்சியைத் தூக்கறே?" அவர் சிரித்தார். "நீ இதைப் பெரிசு பண்ண மாட்டேன்னு எனக்குத் தெரியும். நீ எதுக்குமே சத்தம் போடற ஆள் இல்லை. என் திட்டத்துக்கு அஸ்திவாரமே நீதான் தெரியுமா?"

"எந்தத் திட்டத்துக்கு?"

"அதான், தினம் கேட்டேனே. பால், பஸ், சில்லறை. உன் பதிலை எல்லாம் வெச்சுத்தான் கத்தாத ஆளு எப்படி இருப்பான்னு கண்டுபிடிச்சேன். பிரமாதமா வேலை செய்யுது!"

பரிசு கொடுக்கிற மாதிரி முகம் மலர்ந்து சொன்னார். நுரையக்கா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். தண்ணி போனதுகூடப் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு. அந்தச் சாயங்காலங்கள்! தலை வேறு வாரிக்கொண்டாளே.

விஷயம் தெரிந்ததும் நாத்தனார் முடியை முடிந்துகொண்டு கிளம்பினாள். "நான் போய் ஒரு கத்து கத்தினா அந்தக் கடைக் கூரை தெருவுல கிடக்கும்."

"வேணாம் அண்ணி. நீங்க கத்தினா அது உங்க சத்தம். நான்தான் கத்தணும்."

அடித்தளத்தில் டிரையரை ஓடவிட்டு ஒத்திகை பார்த்தார்கள்.

"சத்தமா! கொசு பாடற மாதிரி இருக்குடி."

"அது என் தண்ணி!"

"இப்ப கொசுவுக்குச் சளி பிடிச்ச மாதிரி இருக்கு. இன்னும்!"

மறுநாள் தவணைக் கடையில் வரிசையில் நின்றாள். முன்னால் ஒருத்தன் நுழைந்தான், வழக்கம்போல விட்டுவிட்டாள். கவுண்ட்டர் வந்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கத்தினாள். "அது என் தண்ணி! நான் கண்டுபிடிச்ச தண்ணி! என் பேரைப் போடுங்க!"

ஒத்திகையில் வராத குரல் எங்கிருந்தோ வந்துவிட்டது. மெத்தையில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். கவுண்ட்டர் பெண் பதறிப்போய் போன் நம்பர் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினாள். "கோபப்படாதீங்கம்மா. உங்க தாமதக் கட்டணம் எல்லாத்தையும் இப்பவே திருப்பிடறோம்."

"என்ன தாமதக் கட்டணம்?"

"இங்க தவணையில வாங்கின உங்க ரெண்டாவது மெஷினுக்கு... தேதி கொஞ்சம் தள்ளிப் போனப்பெல்லாம் வாங்கியிருக்கோமே. நீங்க இதுவரைக்கும் ஒண்ணும் கேட்கலையேம்மா."

கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்தவள்தான். அது அபராதம் என்றே அவளுக்குத் தெரியாது. "காசு வேணாம். பேர்" என்றாள்.

மேனேஜர் வந்தார். மாடியிலிருந்து கணவரை வரச் சொன்னார். டையோடு இறங்கி வந்தவர் மனைவியைப் பார்த்ததும் பாதிப் படியில் நின்றார். நுரையக்காவுக்கு அப்போதும் ஒரு நப்பாசை. தனியாக இருக்கும்போது என்ன பேசினாலும், நாலு பேர் முன்னால் நேருக்கு நேர் கேட்டால் அவர் வாயில் பொய் வராது என்று நம்பினாள். அளவுக் குவளையைப் பிடித்துக்கொண்டு குதித்த மனுஷன் அல்லவா?

"சார், உங்க தயாரிப்பைத் தன்னுதுன்னு சொல்றாங்க இவங்க. யாரு?"

"என் வீட்டம்மா சார். லாண்டரி வெச்சிருக்காங்க." டையைச் சரிசெய்துகொண்டார். "கொஞ்ச நாளா மனசு சரியில்லை. நான் பேசிக்கறேன்."

"அப்ப கண்டுபிடிச்சது?"

"நான்தான் சார்."

மேனேஜர் நிம்மதியாகத் தலையாட்டினார். யாரோ ஒருவர் டீ கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். நுரையக்காவிடம் இருந்ததே ஒரே ஒரு கத்தல், அது தீர்ந்துவிட்டது. டீயைக் கவுண்ட்டரில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். அட்டைக் கையிலிருந்து துண்டை உருவினாள். அட்டைக் கணவர் மல்லாக்க விழுந்தார். அவரைத் தூக்கி நிறுத்திவிட்டுத்தான் நடந்தாள். பாவம், அதுதான் அவள் சுபாவம்.

மருந்துக்கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இனிமே உன் பேரை ஒட்டி வித்தா என்மேல கேஸ் போடுவாங்கம்மா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் அடுக்கி வைத்திருந்த பாட்டில்களை அவரே விலைக்கு எடுத்துக்கொண்டார், இருமல் மருந்து ஊற்ற.

அன்றைக்கே மாடியில் இருந்த வீட்டிலிருந்து தன் படுக்கையை இறக்கி டிரையருக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் போட்டுக்கொண்டாள். நாத்தனார் ஒரு முனையைப் பிடித்தாள். வழியெல்லாம் தன் தம்பியைத் திட்டிக்கொண்டே வந்தவள், படுக்கையைப் போட்டதும் அதில் உட்கார்ந்து அழுதாள். நுரையக்கா அவளுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

ஒரு வாரம் கழித்துக் கணவர் கடைக்கு வந்தார். அழுக்குச் சட்டைகள் பை நிறைய. கவுண்ட்டரில் வைத்துவிட்டு நின்றார். பின்னால் ரெண்டு பேர் காத்திருந்தார்கள்.

நுரையக்கா சட்டைகளை விரித்துப் பார்த்தாள். ஒன்றின் காலரில் மைக்கறை. "இது முழுசாப் போகாது. பரவாயில்லையா?"

"என்ன நீ, விளையாடறியா?" என்றார் மெதுவாக. "மேல வா. பேசலாம்."

அவள் ரசீதுக் கட்டை எடுத்தாள். "பேர் சொல்லுங்க."

அவர் இஸ்திரி மேஜையைப் பார்த்தார். நாத்தனார் ஒரு கால்சட்டையைத் திருப்பிப் போட்டாள், தலை நிமிரவில்லை. பின்னால் இருந்தவர் இருமினார். கணவர் வாய்க்குள்ளேயே தன் பேரைச் சொன்னார்.

"மெஷின் ஓடுது. காதுல விழலை. சத்தமாச் சொல்லுங்க."

சத்தமாகச் சொன்னார். எழுதிக்கொண்டாள்.

"வியாழக்கிழமை வாங்க."

அடுத்து நின்ற அம்மா திரைச்சீலை கொண்டுவந்திருந்தார். நல்ல கனமான திரைச்சீலை. நுரையக்கா ரெண்டு கையாலும் வாங்கினாள்.